கேளுங்கள், சொல்கிறேன்: குளூட்டமேற்று கூடினால் மூளையின் துணைக்கலங்கள் என்ன செய்யும்?

(உயிர் இரசாயன ஆய்வுகூடத்தில் நீண்டகாலம் வேலை செய்து ஓய்வுபெற்ற, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் வாசகர்களுக்கு எழுதும் பதில்கள்.)

கேள்வி: அம்மா, மூளையில் குளூட்டமேற்று அளவுக்கு மீறினால் துணைக்கலங்களின் நொதியத் தொழிற்பாடு மாறும் என்று படித்தேன். ஓரிடத்தில் கூடும் என்று இருக்கிறது, இன்னோரிடத்தில் குறையும் என்று இருக்கிறது. எது சரி? எங்கள் பாடத்தில் நரம்புக்கலத்துக்குப் பக்கம் பக்கமாக இருக்கிறது. துணைக்கலங்களுக்கு இரண்டு வரிதான்.
— உயர்தர உயிரியல் மாணவன், நெல்லியடி

பதில்: தம்பி, நீர் படித்த இரண்டும் சரிதான். மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி: குளூட்டமேற்று என்பது ஒரு நரம்புக்கலம் அடுத்ததைத் தூண்டச் செய்தி அனுப்பும் இரசாயனக் கடத்தி, துணைக்கலங்கள் என்பவை நரம்புக்கலங்களைச் சுற்றி நின்று அவற்றைப் பராமரிக்கும் கலங்கள். எந்த நொதியம், எவ்வளவு குளூட்டமேற்று, எவ்வளவு நேரம் என்று சொல்லாமல் ‘கூடும்’, ‘குறையும்’ என்று எழுதிவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

அசற்றைல்கோலின் என்ற கடத்தியைப் படித்திருப்பீர். வேலை முடிந்ததும் அது இரண்டு கலங்களுக்கு இடையிலுள்ள இடுக்கிலேயே ஒரு நொதியத்தால் உடைக்கப்படுகிறது. வெங்காயத் தோட்டங்களுக்கு முன்பு அடித்த ஒர்கனோபொசுபேற்று மருந்துகள் முடக்கியது அந்த நொதியத்தைத்தான். மருந்து உடம்பில் பட்டவருக்கு வாய்நீர் வழிந்து, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கியது அதனால்தான். குளூட்டமேற்றுக்கு அப்படி இடுக்கில் காத்திருக்கும் நொதியம் கிடையாது. ஏதாவது ஒரு கலம் அதை உள்ளே இழுத்துக்கொண்டால்தான் இடம் சுத்தமாகும். பெரும்பாலும் அப்படி இழுப்பவை அஸ்ட்ரோசைற் என்ற நட்சத்திர வடிவத் துணைக்கலங்கள். உமது புத்தகம் இரண்டு வரியில் விட்டுவிட்டதும் இவற்றைத்தான். எனக்கு அதில் நிறைய வருத்தம் உண்டு.

இழுக்கும் வேலை எவ்வளவு பெரியது என்று பாரும். நரம்பு முனையிலுள்ள புடகங்கள் என்ற சின்னப் பைகளுக்குள் குளூட்டமேற்று ஏறக்குறைய 100 மில்லிமோல் செறிவில் அடைபட்டிருக்கிறது. வெளியே, ஓய்வு நிலையில், சில மைக்ரோமோல் அல்லது அதிலும் குறைவு. பல்லாயிரம் மடங்கு வித்தியாசம். ஒரு செய்தி போனதும் இடுக்கில் ஏறியது சில மில்லிசெக்கனுக்குள் இறங்கிவிட வேண்டும். இறங்காமல் நின்றால் எதிரேயுள்ள நரம்புக்கலத்துக்குள் கல்சியம் அடங்காமல் புகுந்து, அந்தக் கலம் சாகத் தொடங்கும்.

உள்ளே இழுத்ததைத் துணைக்கலம் அமோனியாவோடு சேர்த்து, கலத்தின் சக்திக் காசான ஏ.ரி.பி.யில் ஒன்றைச் செலவழித்து, குளூட்டமைனாக மாற்றுகிறது. மாற்றும் நொதியத்தின் பெயர் குளூட்டமைன் சிந்தெற்றேஸ். 1979இல் நோரன்பேர்க், மார்ட்டினஸ் ஹெர்னாண்டஸ் என்ற இருவர் எலி மூளையை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்து, இந்த நொதியம் அஸ்ட்ரோசைற்றுகளில் குடியிருப்பதைக் காட்டினார்கள். குளூட்டமைன் எந்த நரம்பையும் தூண்டாது. சோடாக் கொம்பனிக்குத் திரும்பும் வெற்றுப் போத்தல் மாதிரி அது நரம்புக்கலத்துக்குத் திரும்பிப் போகும். அங்கே குளூட்டமினேஸ் என்ற இன்னொரு நொதியம் அதை மறுபடி குளூட்டமேற்றாக்கும்.

சரி, இப்போது உமது கேள்விக்கு வருவோம். குளூட்டமேற்று கூடினால் முதலில் நொதியங்கள் வேகம் பிடிக்கின்றன. ஒவ்வொரு குளூட்டமேற்றோடும் மூன்று சோடியம் அயன்கள் உள்ளே வருகின்றன. அவற்றை வெளியே தள்ள சோடியம்–பொற்றாசியம் பம்ப் வேலை செய்யவேண்டும். அந்தப் பம்பும் ஒரு நொதியம்தான். அது ஒரு சுற்றில் ஒரு ஏ.ரி.பி.யைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியேற்றும். குளூட்டமைன் செய்ய இன்னொரு ஏ.ரி.பி. ஆக, ஒரு குளூட்டமேற்றை ஒழுங்காக்க இரண்டு ஏ.ரி.பி. ஒரு குளுக்கோசு கிளைக்கோபகுப்பு என்ற முதற்கட்டத்தில் உடைந்தால் தேறுவதும் அதே இரண்டு. இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தி நிற்கிறது பாரும்! 1994இல் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் பெலரின், மஜிஸ்திரெற்றி என்ற இருவரும் வளர்ப்புத் தட்டிலிருந்த அஸ்ட்ரோசைற்றுகளுக்குக் குளூட்டமேற்றைக் கொடுத்தார்கள். அவை குளுக்கோசைக் கூடுதலாக எடுத்து, இலற்றேற்றை வெளியே விட்டன. அந்த இலற்றேற்றை நரம்புக்கலங்கள் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன என்பது அவர்களுடைய கருத்து. அதைப் பற்றி இன்றுவரை விவாதம் உண்டு. குளூட்டமேற்று துணைக்கலத்தை வேலை வாங்குகிறது என்பதில் மட்டும் விவாதம் இல்லை.

இன்னும் கூட்டினால் பாதை மாறுகிறது. 1996இல் அமெரிக்காவின் பால்ற்றிமோரில் மக்கென்னாவும் அவரோடு வேலை செய்தவர்களும் எலி மூளைப் புறணியிலிருந்து வளர்த்த அஸ்ட்ரோசைற்றுகளுக்கு 0.1 மில்லிமோலிலிருந்து 0.5 மில்லிமோல் வரை ஏற்றிப் பார்த்தார்கள். செறிவு குறைவாக இருக்கும்போது பெரும்பங்கு குளூட்டமைனானது. ஏற ஏற, குளூட்டமைனாகும் பங்கு குறைந்து, கலம் எரிபொருளை எரித்துச் சக்தி எடுக்கும் கிரெப்ஸ் வட்டத்துக்குள் போய் எரியும் பங்கு கூடியது. அதாவது, வரத்து கூடினால் கலம் அதையே எரித்துச் செலவைச் சமாளிக்கிறது. குளூட்டமேற்றை அந்த வட்டத்துக்குள் அனுப்பும் நொதியங்களில் ஒன்று குளூட்டமேற்று டீஹைட்ரஜனேஸ்.

அந்த நொதியம் எனக்கு நன்றாகப் பழகியது. நீங்கள் ‘பிளட் யூரியா’ பார்க்கக் கொடுக்கும் இரத்தத்தில் யூரியாவை உடைத்து அமோனியாவாக்குவோம். அந்த அமோனியாவைப் பிடித்துக் குளூட்டமேற்றாக்குவது, பெரும்பாலும் மாட்டு ஈரலிலிருந்து எடுத்துப் போத்தலில் வரும் இதே டீஹைட்ரஜனேஸ். மூளையில் பெரும்பாலும் ஒரு திசையில் ஓடுவதை நாங்கள் குழாய்க்குள் மறுதிசையில் ஓட்டுகிறோம். அது ஓடும்போது என்.ஏ.டி.எச். என்ற துணைப்பொருள் தீரும், 340 நனோமீற்றர் ஒளியில் கருவியின் வாசிப்பு இறங்கும். ஈரலைப் பார்க்கும் எஸ்.ஜி.பி.ரி. சோதனையிலும் இதே 340, இதே இறக்கம். அங்கே இறங்கும் வேகம்தான் நொதியத்தின் தொழிற்பாடு, அதாவது நிமிடத்துக்கு எத்தனை மைக்ரோமோல் மாறுகிறது என்பது.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல் இருந்த காலம் உமது பெற்றோருக்கு நினைவிருக்கும். வெக்கையில் கிடந்த நொதியப் போத்தலை எடுத்து, ஜெனரேற்றரைப் போட்டு, கருவியில் வைத்துப் பார்த்தால் ஊசி நின்ற இடத்திலேயே நிற்கும். போத்தலுக்குள் புரதம் முழுவதும் இருக்கிறது, நிறுத்தால் ஒரு துளியும் குறையாது. ஆனால் வேலை இல்லை. நொதியத்தின் அளவு வேறு, அதன் வேலை வேறு. ‘நொதியம் கூடியது’ என்று எங்கேயாவது கண்டால், கூடியது எது என்று முதலில் தேடும். அரைவாசிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

கடைசிக் கட்டம்தான் கெடுதியானது. துணைக்கலத்தின் மென்சவ்வில் சிஸ்ரின் என்ற அமினோவமிலத்தை உள்ளே எடுத்து, பதிலுக்குக் குளூட்டமேற்றை வெளியே விடும் வாயில் ஒன்று இருக்கிறது. வெளியே குளூட்டமேற்று நிறைந்து கிடந்தால் அந்த வாயில் தடைப்படும். சிஸ்ரின் வராவிட்டால் குளுற்றதையோன் செய்ய முடியாது. குளுற்றதையோன் இல்லாவிட்டால் ஒட்சியேற்றும் பொருள்களை அடக்க ஆளில்லை. அவை போய்த் தாக்கும் நொதியங்களில் முன்வரிசையில் நிற்பது, யார் என்று நினைக்கிறீர்? குளூட்டமைன் சிந்தெற்றேஸேதான். மிக இலகுவாக ஒட்சியேறிச் செயலிழக்கும் நொதியம் அது. குளூட்டமேற்றை மாற்றவேண்டிய நொதியம் குளூட்டமேற்றாலேயே வீழ்கிறது. வீழ்ந்தால் இன்னும் தேங்கும், தேங்கினால் இன்னும் வீழும்.

சக்தியும் போய்விட்டால் நிலைமை வேறு. பாரிசவாதத்தில் இரத்தக்குழாய் அடைபட்டு ஏ.ரி.பி. தீர்ந்ததும் சோடியம் பம்ப் நிற்கிறது. குளூட்டமேற்றை உள்ளே இழுத்த மென்சவ்வுப் புரதங்கள் தலைகீழாக ஓடி வெளியே கொட்டத் தொடங்குகின்றன. 1984இல் டென்மார்க்கில் பென்வனிஸ்ற்றேயும் கூட்டாளிகளும் எலி மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் இரத்தம் தடைப்பட்டபோது வெளிக்குளூட்டமேற்று ஏறக்குறைய எட்டு மடங்கு ஏறியதை அளந்து காட்டினார்கள். வாய் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினால் ‘கொஞ்சம் படுத்து எழும்பட்டும்’ என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம் என்று நாங்கள் கத்துவது இதனால்தான். 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். உள்ளே கொட்டுவது ஒவ்வொரு நிமிடமும் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

கேள்வி: என் மகனுக்குக் கிழமையில் இரண்டு நாளாவது கடைக் கொத்துரொட்டி வேண்டும். மாமி, ‘அதில் அஜினோமோட்டோ போடுகிறார்கள், அது மூளையைத் தின்னும்’ என்று சண்டை பிடிக்கிறா. அஜினோமோட்டோவும் குளூட்டமேற்றுத்தானாம். உண்மையா?
— இல்லத்தரசி, சாவகச்சேரி

பதில்: அது சோடியம் குளூட்டமேற்றுத்தான். 1908இல் ஜப்பானில் இக்கெடா என்ற இரசாயனவியலாளர் கொம்பு என்ற கடற்பாசிச் சாற்றிலிருந்து இதன் சுவையைக் கண்டுபிடித்தார். தக்காளியிலும் காளானிலும் இருக்கிறது. தாய்ப்பாலில் தாராளமாக இருக்கிறது.

மாமியின் பயம் ஆதாரமில்லாமல் வந்ததல்ல, அவவோடு கோபிக்க வேண்டாம். 1969இல் அமெரிக்காவில் ஒல்னி என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் பிறந்து சில நாளேயான சுண்டெலிக் குட்டிகளுக்கு இதைத் தோலின்கீழ் ஊசியாக ஏற்றி, மூளையின் ஒரு பகுதியில் கலங்கள் இறந்ததைக் காட்டினார். அந்தச் செய்திதான் உலகமெல்லாம் பரவியது. ஆனால் அவை குஞ்சு எலிகள், ஏற்றியது பெரிய அளவு, அதுவும் ஊசியால். வாயால் உண்ணும் குளூட்டமேற்றின் பெரும்பகுதியைக் குடற்சுவர்க் கலங்கள் தங்கள் எரிபொருளாக அங்கேயே எரித்துவிடுகின்றன. தப்பி இரத்தத்துக்கு வருவதையும் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு இலகுவில் விடாது. மூளை தனக்கு வேண்டிய குளூட்டமேற்றைத் தானே செய்துகொள்கிறது.

அதற்காக அள்ளிக் கொட்டலாம் என்று சொல்லவில்லை. 2017இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு நிறுவனம் நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று எல்லை வைத்தது. 50 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது ஒன்றரைக் கிராம். வெறும் வயிற்றில் மூன்று கிராமுக்கு மேல் எடுத்த சிலருக்குத் தலையிடி, முகம் சூடாதல், நெஞ்சு படபடப்பு வந்ததும் உண்டு. சிறிது நேரத்தில் அது அடங்கிவிடும்.

கொத்துரொட்டியில் நான் பயப்படுவது உப்புக்கும் எண்ணெய்க்கும். அந்தத் தட்டில் கொட்டும் குழம்பு உப்பு, ரொட்டி உப்பு, அதற்குமேல் கடைக்காரர் தூவும் உப்பு. இளமையிலேயே பிரஷர் ஏறி, கவனிக்காமல் விட்டால் அது கொண்டுபோய் விடும் இடம் பாரிசவாதம். மூளைக்குள் குளூட்டமேற்று உண்மையில் கொட்டுவது அப்போதுதான். மேலே அந்தத் தம்பிக்கு எழுதியதைப் பாருங்கள். இரண்டு நாளை ஒரு நாளாக்குங்கள். உப்பைக் குறைத்துக் கொத்தச் சொல்லி மகனையே கடையில் கேட்கப் பழக்குங்கள்.

கேள்வி: கனடாவில் இருக்கும் அண்ணா, அங்கே முன்பு மட்டி சாப்பிட்டவர்களுக்கு நினைவே போனது என்கிறார். நாங்கள் கடற்கரைச் சனம். மட்டியை விடவா?
— பாசையூர் வாசகர்

பதில்: அண்ணா சொன்னது நடந்த விஷயம். 1987இன் கடைசியில், கனடாவின் பிரின்ஸ் எட்வேர்ட் தீவில் வளர்த்த மட்டிவகையைச் சாப்பிட்டு நூற்றுக்கு மேற்பட்டவர்கள் நோயாளியானார்கள், மூன்று பேர் இறந்தார்கள். சிலருக்குப் புதிதாக எதையும் நினைவில் வைக்கமுடியாமல் போனது. கடலில் பெருகிய ஒருவகை நுண்பாசி டொமொயிக் அமிலம் என்ற நஞ்சைச் செய்ய, அதைத் தின்ற மட்டியின் உடலில் அது சேர்ந்திருந்தது. அந்த நஞ்சின் அமைப்புக் குளூட்டமேற்றை ஒத்தது. குளூட்டமேற்றுக்குத் திறக்கும் கதவை அதுவும் திறக்கும். ஆனால் துணைக்கலங்கள் அதைக் குளூட்டமேற்றைப் போல உள்ளே இழுத்துக் குளூட்டமைனாக்கிவிட முடியாது. அவித்தாலும் பொரித்தாலும் அது அழியாது.

மட்டியை விட வேண்டாம். கடல்நீர் நிறம் மாறிக் கிடக்கும் நாள்களிலும், மீன்கள் செத்து மிதக்கும் நாள்களிலும் மட்டி, சிப்பி வகைகளைத் தொடாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு ஈரல் சுருங்கிவிட்டது என்கிறார்கள். கொஞ்ச நாளாகப் பகல் முழுக்க நித்திரை, இரவில் எழும்பித் திரிகிறார். என்னை அக்கா என்று நினைத்துப் பேசுகிறார். டொக்டர் தந்ததோ வயிறு போவதற்கு ஒரு பாணி மருந்து. தலையில் உள்ள குழப்பத்துக்கு வயிற்றுக்கு ஏன் மருந்து? இறைச்சி, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். அது சரியா?
— மகள், காரைநகர்

பதில்: பிள்ளை, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அப்பாவுக்கு வந்தது பைத்தியமும் இல்லை, வயதுக் கோளாறும் இல்லை. அந்தப் பாணி மருந்து அவருடைய மூளைக்குத்தான் தந்திருக்கிறார்கள். நிறுத்தாமல் கொடுங்கள்.

குடலில் உள்ள கிருமிகளும், குடற்சுவரின் கலங்களும் அமோனியாவை உண்டாக்குகின்றன. நல்ல ஈரல் அதை யூரியாவாக்கிச் சிறுநீருக்கு அனுப்பிவிடும். சுருங்கிய ஈரல் அதைச் செய்யாமல் விட, அமோனியா இரத்தத்தோடு மூளைக்குப் போகிறது. மூளைக்கு யூரியா செய்யத் தெரியாது. அங்கே அமோனியாவைப் பிடிக்கும் முக்கியமான வழி, நெல்லியடித் தம்பிக்குச் சொன்ன அதே குளூட்டமைன் சிந்தெற்றேஸ்தான். துணைக்கலம் அமோனியாவைக் குளூட்டமேற்றோடு சேர்த்துக் குளூட்டமைனாக்கித் தள்ளுகிறது. குளூட்டமைன் உள்ளே குவிந்தால் அது தண்ணீரை இழுக்கும், கலம் வீங்கும். வீங்கிய கலத்தால் குளூட்டமேற்றை முன்பு மாதிரி இழுத்தெடுக்கவும் முடிவதில்லை. பகல் நித்திரை, இரவு உலாத்தல், ஆள் மாறாட்டம், கையை நீட்டிப் பிடித்தால் மணிக்கட்டு படபடவென்று தட்டுவது எல்லாம் இந்தத் துணைக்கலங்களின் சங்கடம்தான்.

லக்ருலோஸ் என்ற அந்தப் பாணி குடலைக் கொஞ்சம் புளிப்பாக்குகிறது. அப்போது அமோனியா இரத்தத்துக்குள் கசியாமல் குடலிலேயே பிடிபட்டு மலத்தோடு போய்விடும். நாளுக்கு இரண்டு மூன்று தரம் இளக்கமாகப் போகும் அளவுக்கு மருந்தைச் சரிசெய்வார்கள். ‘வயிறு போகிறது, பாவம்’ என்று மருந்தைக் குறைக்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிக் குறைத்த இரண்டாம் மூன்றாம் நாள் அந்த நோயாளி மறுபடி குழம்பி வருவார். தண்ணீராகப் பல தரம் போனால் மட்டும் டொக்டரிடம் சொல்லுங்கள். உடம்பில் நீர் வற்றுவதும் குழப்பத்தைக் கூட்டும்.

சாப்பாட்டை நிறுத்தியது பிழை. முன்பு அப்படித்தான் சொன்னார்கள், இப்போது சொல்வதில்லை. தசையிலும் குளூட்டமைன் சிந்தெற்றேஸ் இருக்கிறது. ஈரல் கைவிட்ட அமோனியாவில் ஒரு பங்கைத் தசை பிடிக்கிறது. புரதத்தை நிறுத்தினால் தசை கரையும். அந்த உதவியும் போகும். ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்பதே இன்றைய வழிகாட்டல். பருப்பு, பயறு, தயிர், பால் போன்றவை இப்படியானவர்களுக்கு இறைச்சியை விட ஒத்துப்போகும். சின்னச் சின்னச் சாப்பாடாக, இரவு படுக்கமுன் ஒரு சிறு சாப்பாடும் சேர்த்துக் கொடுங்கள். நீண்ட நேரம் வெறும் வயிறாக விடக்கூடாது. கந்தசஷ்டி வந்தால் ஆறு நாளும் உபவாசம் இருக்கிறேன் என்று அப்பா பிடிவாதம் பிடிப்பார். நீங்கள் அவருக்காக இருந்துகொள்ளுங்கள், அவரைச் சாப்பிட வையுங்கள்.

மலச்சிக்கல், கறுத்த மலம், காய்ச்சல், நித்திரைக் குளிசை: இந்த நான்கில் ஒன்று கண்டால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். நித்திரை வரவில்லை என்று பக்கத்துவீட்டுக் குளிசையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வீட்டில் ஒரு கொப்பியை வைத்து அப்பாவைத் தினமும் காலையில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எழுத்துக் கோணத் தொடங்குவது, பேச்சுக் குழம்புவதற்கு முன்னமே தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரத்தத்தில் அமோனியா பார்க்கச் சொன்னால், இரத்தக் குழாயை ஐஸில் வைத்து உடனே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மேசையில் கிடந்தால் குழாய்க்குள்ளேயே குளூட்டமைன் உடைந்து அமோனியாவாகும், முடிவு பொய்யாக ஏறிக் காட்டும். வெளியில் கொடுத்துப் பார்ப்பதென்றால் ஐஸில் வைக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கேள்வி: தம்பிக்கு வலிப்பு. மருந்து எடுத்து இரண்டு வருடமாக ஒன்றும் வரவில்லை. கலியாணப் பேச்சு நடக்கிறபடியால் வீட்டில் மருந்தை நிறுத்தச் சொல்கிறார்கள். வலிப்புக்கும் நீங்கள் சொல்லும் குளூட்டமேற்றுக்கும் தொடர்பு உண்டா?
— அக்கா, சுன்னாகம்

பதில்: உண்டு. பிரித்தானியாவில் முன்பு கோதுமை மாவை வெளுக்க நைதரசன் முக்குளோரைட்டு என்ற வாயுவைப் பாவித்தார்கள். அந்த மாவில் செய்த பிஸ்கற்றைத் தின்ற நாய்கள் வெறிபிடித்த மாதிரி ஓடிக் குரைத்து, வலிப்பு வந்து விழுந்தன. 1946இல் மெல்லன்பி என்ற ஆராய்ச்சியாளர் காரணம் அந்த மாவுதான் என்று நிரூபித்தார். பிறகு மாவுக்குள் உண்டான நஞ்சைப் பிரித்தெடுத்தபோது அது மெதையோனைன் சல்பொக்சிமைன். அது முடக்குவது குளூட்டமைன் சிந்தெற்றேஸை. அந்த ஒரு நொதியம் முடங்கினால் வலிப்பு வரும் என்பதற்கு அந்த நாய்கள் சாட்சி. 2004இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஈட் என்பவரும் கூட்டாளிகளும், மருந்துக்கு அடங்காத ஒருவகை வலிப்புக்காகச் சத்திரசிகிச்சையில் எடுத்த மனித ஹிப்போகாம்பஸைப் பார்த்தார்கள். அங்கேயும் அஸ்ட்ரோசைற்றுகளில் இதே நொதியம் குறைந்திருந்தது.

எல்லா வலிப்புக்கும் காரணம் இது ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வலிப்பு என்பது மூளைக் கலங்களில் உள்ள ஒரு கோளாறு. குடும்பத்துக்கு வந்த பழி இல்லை, மறைக்க வேண்டிய அவமானமும் இல்லை. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். சடுதியாக நிறுத்தினால் விட்டுவிட்டு வராமல் தொடர்ச்சியாக வரலாம், அது உயிருக்கு ஆபத்து. குறைக்கலாமா என்பதை டொக்டர் சொல்லட்டும், குறைத்தாலும் மாதக்கணக்கில் படிப்படியாகத்தான். பெண்வீட்டாரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிப்பதையும் வாய்க்குள் கரண்டி வைப்பதையும் விட்டு, சரித்துப் படுக்கவைத்து நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990க்கு அடியுங்கள்.

கேள்வி: மகள் ரியூசனுக்குப் போகும் இடத்தில் பிள்ளைகள் ஞாபகசக்திக்கு என்று குளூட்டமைன் பவுடர் குடிக்கிறார்களாம். வாங்கிக் கொடுக்கலாமா?
— தாய், மானிப்பாய்

பதில்: வேண்டாம். 1940களில் அமெரிக்காவில் குளூட்டமிக் அமிலத்தைக் கொடுத்தால் பிள்ளைகளின் புத்தி வளரும் என்று பெரிய நம்பிக்கை எழுந்தது. ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. நீங்கள் எழுதியிருப்பது தசை வளர்ப்பவர்கள் குடிக்கும் பவுடர். உங்கள் மகளின் துணைக்கலங்கள் தங்களுக்கு வேண்டிய குளூட்டமைனைத் தாங்களே செய்கின்றன. வீட்டில் ஏற்கெனவே ஒரு பேணி வாங்கி வைத்திருந்தால், சத்துப் பவுடர்தானே என்று ஈரல் நோயுள்ள பெரியவர்களுக்கு ஒரு கரண்டி கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். குளூட்டமைன் குடலில் உடையும்போது அமோனியா வரும்.